ஷட்டர் யார் கையில்?

அன்புள்ள ஐயா,

மதுரையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பஞ்சாப் சமவெளியில் சிந்து, ஜீலம், செனாப், ராவி, சட்லஜ் என்று ஐந்து ஆறுகள் இருக்கும்போது, 1947இல் எல்லைக்கோட்டை ஆற்றை ஒட்டியே போட்டிருக்கலாமே, ஏன் போடவில்லை? ஆறுகள் நம் பக்கமிருந்துதானே போகின்றன, மொத்தமாக மூடிவிட்டால் என்ன? எந்தப் புத்தகம் படிக்கலாம்? வைகைக்கரையில் இருக்கும் நமக்கு இதெல்லாம் தூரத்து விஷயம்தான், ஆனாலும் பாடத்தில் இருக்கிறது.

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

வழக்கமாக இப்படிப்பட்ட கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. ஆனால் ஒரு மாதமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தில் வந்து கல்லெறிந்துவிட்டீர்கள்.

முதலில் ஒரு குட்டு. அந்த ஐந்தில் சிந்து கிடையாது, பியாஸை விட்டுவிட்டீர்கள். பரீட்சையில் இப்படி எழுதிவிட்டு வராதீர்கள்.

கோடு ஏன் ஆற்றோடு போகவில்லை என்றால், சரி, சில இடங்களில் ராவியையும் சட்லஜையும் ஒட்டித்தான் போகிறது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் நிலத்தை ஆற்றை வைத்துப் பார்ப்பதில்லை, இரண்டு ஆறுகளுக்கு இடையிலுள்ள மண்ணை வைத்துப் பார்க்கிறார்கள். அதற்கு தோஆப் என்று பெயர், இரண்டு நீர் என்று அர்த்தம். பியாஸுக்கும் ராவிக்கும் நடுவே இருப்பது பாரி தோஆப். லாகூரும் அமிர்தசரஸும் ஒரே தோஆப், நடுவில் நம் மதுரைக்கும் சிவகங்கைக்கும் உள்ள தூரம்தான். எல்லை வகுக்க ஜூலை 8 அன்று வந்து இறங்கிய ஆங்கிலேய வக்கீல் ராட்கிளிஃப் ஐந்தே வாரத்தில் மாவட்ட, தாலுகா எல்லைகளைப் பிடித்து அந்த மண்ணின் நடுவே கோட்டை இழுத்துவிட்டார். ஆகஸ்ட் 17 அன்று கோடு வெளியானபோது சுதந்திரம் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

என் கட்சி என்னவென்றால், அந்தச் சமவெளி நிஜமாக இரண்டானது அன்றைக்கு இல்லை, 1948 ஏப்ரல் 1 அன்று. வெள்ளைக்காரன் அங்கே கால்வாய்களை ஒரே வீட்டுக்குக் குழாய் போடுவதுபோல் வெட்டி வைத்திருந்தான். கோடு விழுந்தபோது வயல்களில் பெரும்பகுதி பாகிஸ்தானுக்குப் போனது. மாதோப்பூரிலும் ஃபிரோஸ்பூரிலும் இருந்த தலைமதகுகள், அதாவது ஆற்றுநீரைக் கால்வாய்க்குத் திருப்பும் மதகுகள், இந்தியப் பக்கம் நின்றன. தண்ணீர் விடுவதற்கான இடைக்கால ஒப்பந்தம் மார்ச் 31உடன் முடிந்தது, மறுநாளே நம் ஆட்கள் தண்ணீரை நிறுத்தினார்கள். மே 4 அன்று டெல்லியில் ஓர் உடன்படிக்கை எழுதித்தான் ஓரளவு ஆறியது. நீங்கள் ‘மூடிவிட்டால் என்ன’ என்று கேட்கிறீர்களே, மூடிப் பார்த்தாயிற்று தம்பி.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். பெரியாறு கால்வாயில், வைகையின் குறுக்கே இருக்கும் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே நாங்கள் ஒருபோகம், அதிலும் கடைமடை. நான் ஏழாவது படித்த வருஷம் நெல் பால்பிடிக்கிற நேரத்தில் வயல் வெடித்துவிட்டது. மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் கேட்டால் தண்ணீர் விட்டாச்சு என்கிறார். அப்பா ராத்திரியோடு ராத்திரியாக என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஷட்டருக்குப் போனார். மேலூர்க்காரர்கள் என்று சொல்லவில்லை, எங்களுக்கு மேலே இருக்கிற ஊர்க்காரர்கள், மணல்மூட்டையை அடுக்கிவிட்டு அரிவாளோடு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் என் தாய்மாமன். “வாங்க மச்சான், பையனையும் கூட்டிக்கிட்டா வந்தீங்க, காபி சாப்பிடுங்க” என்றார். தூக்கில் காபியும் வைத்திருந்தார். ஆனால் மூட்டையை எடுக்கவில்லை. அவர் வயலும் காய்ந்துதான் கிடந்தது, அது எனக்கு அப்போது தெரியாது. மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது, பாதி வயல் பதராகிப் போனது. பொங்கலுக்கு மாமா சீரோடு வந்தார். அம்மா வாங்கிக்கொண்டாள், அப்பா கொல்லையிலிருந்து வெளியே வரவேயில்லை.

1960 செப்டம்பரில் நேருவும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் கராச்சியில் கையெழுத்துப் போட்ட சிந்து நதிநீர் ஒப்பந்தமும் ஏறக்குறைய ஒரு பாகப்பிரிவினைதான். ராவி, பியாஸ், சட்லஜ் நமக்கு, சிந்து, ஜீலம், செனாப் அவர்களுக்கு. ஆற்றுநீரைப் பங்கிடுவதற்குப் பதிலாக ஆறுகளையே பங்கிட்டார்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் ஆளுக்கொரு கிணறு என்று எழுதிக்கொள்வது மாதிரி. அவர்கள் மேற்கு ஆறுகளிலிருந்து கிழக்கே இணைப்புக் கால்வாய்கள் வெட்டிச் சமாளித்தார்கள். மூன்று போர்களைத் தாங்கிய அந்த ஒப்பந்தத்தை 2025 ஏப்ரலில் நாம் நிறுத்தி வைத்திருக்கிறோம். அது சரியா தப்பா என்று என் வாயைக் கிளறாதீர்கள்.

அப்புறம் அந்தத் ‘தூரத்து விஷயம்’. வைகைக்கரையில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுத எப்படி மனசு வந்தது? பெரியாறு மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற ஆறு. 1886இல் 999 வருஷக் குத்தகை எழுதி, பென்னிகுயிக் அணை கட்டி, 1895இல் மலையைக் குடைந்து அந்தத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பியதால்தான் எங்கள் ஊரில் அந்த ஒருபோகமாவது விளைந்தது. அணை இருப்பது கேரள மண்ணில், அதை இயக்குவது தமிழ்நாடு. மாதோப்பூரில் மதகு மேலே இருப்பவன் கையில், இங்கே கீழே இருப்பவன் கையில். அணைக்குக் கீழே குடியிருப்பவன் நம்மை எப்படிப் பார்ப்பான் என்று யோசித்திருக்கிறீர்களா? மேலே எழுதியிருக்கிற என் மாமா கதையில் நாம் எப்போதும் அப்பா பக்கம்தான் நிற்போம். பெரியாற்றில் நாம்தான் காபித்தூக்கோடு உட்கார்ந்திருக்கிற மாமா.

புத்தகம் கேட்டிருந்தீர்கள், இன்னொரு நாள் எழுதுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அணைப்பட்டி ஆஞ்சநேயரைக் கும்பிடப் போகிற சாக்கில் பஸ் ஏறி, பக்கத்தில் பேரணையைப் பார்த்துவிட்டு வாருங்கள். லஸ்கர் யாராவது இருந்தால் பேச்சுக் கொடுங்கள், டீ நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.