பரணில் கிடக்கும் ரெக்கார்டுகள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பழைய பாட்டு ரெக்கார்டுகளைப் பற்றி ஏதோ ஒரு வரி எழுதப்போக, கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எதைப் போட்டுத் துடைப்பது? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கே: அப்பா சேர்த்து வைத்த அறுபது எழுபது ரெக்கார்டுகள் பரணில் டிரங்குப் பெட்டிக்குள் கிடைத்தன. இருபது வருடமாக யாரும் தொடவில்லை. மேலே வெள்ளை வெள்ளையாகப் பூசணம். பக்கத்து வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்கிறார், என் மகன் சானிடைசரே போதும் என்கிறான். எது சரி சார்? (வாசகி, கும்பகோணம்)

ப: இரண்டும் வேண்டாம் அம்மா. துடைக்கும் முன்னால் தட்டுகளை இரண்டு கட்டாகப் பிரியுங்கள். லேபிளில் 78 (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) என்று போட்டிருந்து, தட்டு கனமாக, கொஞ்சம்கூட வளையாமல் இருந்தால் அது பெரும்பாலும் அரக்குத் தட்டு. நம் ஊரில் 1960கள் வரைகூட இது வந்துகொண்டிருந்தது. லேசாக, வளைந்து கொடுக்கிற மாதிரி இருப்பவை, 33⅓ (எல்.பி. என்பது இதுதான்) அல்லது 45 என்று போட்டவை, வினைல் என்ற பிளாஸ்டிக். வளைகிறதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று அரக்குத் தட்டை அமுக்கிவிடாதீர்கள், அப்பளம் மாதிரி படக்கென்று உடையும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மகன் சொல்லும் சானிடைசரில் பெரும்பகுதி ஆல்கஹால். ஆசாரி மர பீரோவுக்கு பிரெஞ்சு பாலிஷ் போடுவதைப் பார்த்திருப்பீர்கள், அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே போடுகிறார்? அதே அரக்குதான் உங்கள் 78 தட்டிலும் இருக்கிறது. சானிடைசர் தொட்டால் பாட்டே கரைந்து பஞ்சில் வந்துவிடும். வினைல் அப்படிக் கரையாது, ஆனால் சானிடைசரில் கலந்திருக்கும் ஜெல்லும் வாசனையும் பாட்டு பதிந்திருக்கும் பள்ளத்துக்குள் படிந்து நிற்கும், அதனால் அதற்கும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவினால் அன்றைக்குத் தட்டு பளபளவென்று இருக்கும். மறுநாளிலிருந்து வீட்டுத் தூசி எல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும், அந்தத் தூசியை முள் அரைத்து அரைத்துப் பள்ளத்தைக் கெடுக்கும்.

தேவைப்படுவது டிஸ்டில்டு வாட்டர், ஒரு சொட்டு மணமில்லாத திரவ சோப்பு, மூன்று மெல்லிய மைக்ரோஃபைபர் துணி. ஆர்.ஓ. தண்ணீர் போதாதா என்று கேட்பீர்கள். அதிலும் உப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும், காய்ந்ததும் பள்ளத்தில் தங்கிவிடும். பூசணம் பிடித்ததை வீட்டுக்குள் தட்டாமல் மாடியில் வைத்து, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, முதலில் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் நீக்குங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே இழுக்கவே கூடாது. இரண்டாவது துணியில் வெறும் டிஸ்டில்டு வாட்டர், மூன்றாவது துணி ஈரத்தை ஒற்றி எடுக்க. நடுவில் இருக்கும் லேபிள் காகிதம், அதில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரக்குத் தட்டுக்கும் இதேதான், ஆனால் ஊற வைக்காமல் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். துடைத்ததும் சமையலறையில் தட்டு அடுக்கும் ஸ்டாண்டைக் கழுவி எடுத்துவந்து, அதில் நிற்க வைத்து நிழலில் காயவிடுங்கள். பழைய உள்ளுறைகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பூசணம் அதிலும் இருக்கிறது. வெளி அட்டையை மட்டும் போடாதீர்கள். அப்பா கையெழுத்து அதில் எங்காவது இருக்கும்.

கே: தாத்தாவின் கிராமபோன், குழல் வைத்தது, நன்றாக ஓடுகிறது. எல்.பி. ரெக்கார்டை அதில் போடலாமா? (வாசகர், மதுரை)

ப: போடலாம், ஒரே ஒரு தடவை. அடுத்த முறை போட அதில் பாட்டு இருக்காது.

சரி, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் கிராமபோனின் ஒலிப்பெட்டி தட்டின் மேல் உட்காரும் பாரம் நூறு கிராமுக்குக் குறையாது. எல்.பி.க்கு இன்றைய முள் வைக்கும் பாரம் ஒன்றரை முதல் இரண்டரை கிராம். அரக்குத் தட்டில் கல் பொடி மாதிரி கடினமான பொடி கலந்திருப்பார்கள், அது எஃகு ஊசியைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்ளும். அதாவது தேய வேண்டியது ஊசிதான், அதனால்தான் ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரே ஊசியைப் பத்துப் பாட்டுக்கு ஓட்டினால் தேய்ந்த முனை உளி மாதிரி ஆகித் தட்டைச் செதுக்கும். வினைலில் அந்தப் பொடி கிடையாது, அது மென்மையானது, எஃகு ஊசி முதல் சுற்றிலேயே உழுதுவிடும்.

உங்களிடம் 60, 70களின் மின்சார பிளேயர் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். முள் இருக்கும் இடத்தில் பல மாடல்களில் சின்னக் கைப்பிடி ஒன்று இருக்கும், ஒரு பக்கம் 78, இன்னொரு பக்கம் எல்.பி. என்று எழுதியிருக்கும். 78 முள் மூன்று நான்கு மடங்கு பருமன். அதைத் திருப்ப மறந்து எல்.பி.யைப் போட்டவர்கள் எத்தனையோ பேர், நானும் ஒருவன்.

கே: புதிதாக ஒரு சூட்கேஸ் பிளேயர் வாங்கினேன். சில பாட்டுகளில் முள் தாவுகிறது. மேலே ஒரு ரூபாய் காசு வைத்தால் சரியாகிவிடும் என்று நண்பர் சொன்னார், வைத்தேன், தாவவில்லை. தொடரலாமா? (வாசகர், சென்னை)

ப: காசை இப்போதே எடுங்கள். ஒரு ரூபாய் நாணயம் மூன்று கிராமுக்கு மேல் எடை. இந்த மாதிரி பிளேயர்கள் ஏற்கெனவே பாரமாகத்தான் அழுத்தும், அதன் மேல் இன்னும் மூன்று கிராம். முள் தாவவில்லை, உண்மைதான், பள்ளத்தின் சுவரைத் தேய்த்துக்கொண்டு ஓடுகிறது. பாட்டு கரகரத்துப் போனது உங்களுக்குத் தெரியவரும்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

முள் தாவ வேறு காரணம் இருக்கும். பிளேயர் வைத்த மேசை சமமாக இருக்கிறதா பாருங்கள், போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதியே போதும். அந்தத் தட்டில் மட்டும் தாவுகிறது என்றால் அழுக்கு, மேலே சொன்னபடி துடையுங்கள். எல்லாத் தட்டிலும் தாவுகிறது என்றால் முள். ரெக்கார்டை விழுந்து விழுந்து துடைப்பவர்கள் முள்ளின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை. ஒரு எல்.பி.யின் ஒரு பக்கத்தில் பள்ளத்தின் நீளம் ஏறக்குறைய அரை கிலோமீட்டர், அத்தனை தூரமும் அந்த முனைதான் உரசிக்கொண்டு போகிறது. வைர முள்ளே 500 முதல் 1000 மணி நேரம்தான் தாங்கும். தினம் ஒரு எல்.பி. கேட்பவருக்கு இரண்டு வருடத்திலேயே மாற்றும் நேரம் வந்துவிடலாம். சூட்கேஸ் பிளேயர்கள் பலவற்றில் வருவது நீலக்கல் (சஃபயர்) முள், அது இன்னும் சீக்கிரம் தேயும். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் முள்ளின் நுனியை மெல்லிய பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால், உங்களை நோக்கி, ஒரு தடவு. விரலால் தூசி எடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கே: ரெக்கார்டை எப்படிப் பிடிப்பது? (வாசகி, ஈரோடு)

ப: விளிம்பிலும் லேபிளிலும் மட்டும் கை படலாம். சாப்பிட்ட கையோடு வேண்டவே வேண்டாம்.

கே: பீரோவில் ஒன்றன் மேல் ஒன்றாக நாற்பது எல்.பி. அடுக்கியிருந்தேன். அடியில் இருப்பவை வளைந்துவிட்டன. வெயிலில் கண்ணாடிக்கு நடுவே வைத்தால் நிமிரும் என்கிறார்களே? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: நிமிரலாம், பாட்டும் சேர்ந்து உருகலாம். வினைல் கொதிக்கும் தண்ணீரைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். ஒரு மே மாதம், பழைய கடையில் வாங்கிய இரண்டு எல்.பி.யைக் கார் பின்சீட்டில் வைத்துவிட்டு மதுரையில் சாப்பிடப் போனேன். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இரண்டும் வாழை இலை மாதிரி சுருண்டு கிடந்தன. அன்றைக்குக் கோலா உருண்டை நன்றாகத்தான் இருந்தது, அதற்காக என்ன சொல்ல.

லேசான வளைவாக இருந்து முள் ஏறி இறங்கி ஓடினால் அப்படியே கேளுங்கள். இனிமேல் புத்தகம் மாதிரி நேராக நிற்க வையுங்கள், சாய்ந்து கிடக்கக் கூடாது, நெருக்கித் திணிக்கவும் கூடாது. நூறு எல்.பி. அட்டையோடு இருபது கிலோவைத் தாண்டும், அதனால் பலகை பலமாக இருக்கட்டும். மேற்கு வெயில் படும் சுவரை ஒட்டி வேண்டாம், பிரிட்ஜ் தலையிலும் வேண்டாம்.

கே: 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த ரெக்கார்டுகள், அட்டையோடு ஒட்டிப்போய்க் கிடக்கின்றன. தேறுமா? (வாசகர், தூத்துக்குடி)

ப: வினைலாக இருந்தால் தட்டு தேறும். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, உள்ளே போன சேறுதான் பிரச்சினை. காய்ந்த அட்டையைப் பிய்த்து இழுத்தால் பள்ளத்தில் கீறல் விழும். அட்டையை முதலில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அதைக் காப்பாற்ற முடியாது. பிறகு மொத்தமாகச் சுத்தமான தண்ணீரில் அமிழ்த்தி, காகிதம் கூழாகித் தானே விலகும்வரை காத்திருங்கள். சேற்றைத் துணியால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் விடுங்கள், மணல் ஒரு துகள் இருந்தாலும் கோடு போட்டுவிடும். லேபிள் ஊறிப் பெயர்ந்து வரலாம், எந்தத் தட்டு எது என்று ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். 78 தட்டு என்றால் இவ்வளவு நேரம் ஊறவிடாதீர்கள்.

கே: ரெக்கார்டு அலமாரியில் பாச்சை உருண்டை போடலாமா? (வாசகி, திருச்சி)

ப: வேண்டாம், அந்த ஆவி பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போவதில்லை. வழுவழுப்பான பி.வி.சி. உறைகளும் வேண்டாம், வருடக்கணக்கில் ஒட்டியிருந்தால் தட்டில் புகை படிந்த மாதிரி கறை விழும். பாலித்தீன் உள்ளுறை நல்லது. பூச்சி பயம் என்றால் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து அலமாரியைத் துடையுங்கள், அந்தச் சாக்கில் நாலு பாட்டும் கேட்கலாம், மின்விசிறியை மட்டும் அணைத்துவிட்டு. சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் மேல் அது கொட்டுகிற தூசி கொஞ்சநஞ்சமல்ல.