பத்து வருடப் பழைய கிட்டார் வாசிக்கும்போது இரைகிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும், அல்லது புதிதாகவே வாங்கிவிடலாமா?

புதிது வேண்டாம். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எந்தப் பாகத்தையும் மாற்றவும் வேண்டாம். அப்படி மாற்றித்தான் நான் மூன்று செட் கம்பியை வீணாக்கினேன்.

என்னுடையது ஸ்டீல் கம்பி போட்ட சாதாரண அக்கூஸ்டிக். நான்காவது கம்பியை மீட்டினால் 'ஜிர்ர்' என்று ஒரு ஒலி. தம்புராவில் நூல் வைத்துப் பார்த்துப் பார்த்து வரவழைப்பார்களே ஜீவா, அது இங்கே அழையாமலே வந்து உட்கார்ந்துகொண்டது. கம்பி பழசு என்று நினைத்தேன். புதுக் கம்பியிலும் அதே சத்தம். ஒருநாள் ஏதோ பாட்டுக்காக முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் முதலாவது) எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்பான கேப்போவை மாட்டியபோது இரைச்சல் சுத்தமாக நின்றுவிட்டது. அப்போதுதான் புரிந்தது, குற்றவாளி நட்.

தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் காடிகள் (பள்ளங்கள்) வெட்டிய வெள்ளைத் துண்டுதான் நட். தடித்த கம்பிகளின் மேல் சுற்றியிருக்கும் உலோகச் சுருள், டியூன் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தக் காடியை அரம் மாதிரி அறுக்கிறது. பிளாஸ்டிக் நட் என்றால் சில வருடங்களில் காடி ஆழமாகி, கம்பி முதல் ஃப்ரெட்டிலேயே போய்ப் படும்.

மாற்றும்போது ரிப்பேர்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மரக்கட்டையை வைத்து லேசாகத் தட்டியதுமே பழைய நட் கழன்றது. பழைய பசையைச் சுரண்டிவிட்டு, எலும்பு நட்டை அளவுக்குத் தேய்த்தார். அந்தத் தூள் வாசனை அப்படியே பல் டாக்டர் கிளினிக்! ஒட்டுவதற்கு இரண்டே சொட்டுப் பசை. அடுத்தவர் கழற்ற வேண்டாமா என்றார். காடி சரியா என்று பார்க்க மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் தட்டினார். மெல்லிய 'டிக்' கேட்டால் போதும், அதற்கு மேல் இடைவெளி வேண்டாம்.

நீங்களும் இதே வழியில் போங்கள். விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் இரைந்தால் நட். ஒரே ஒரு இடத்தில் இரைந்தால் அங்கே ஃப்ரெட் தேய்ந்திருக்கும், அல்லது அடுத்த ஃப்ரெட் தூக்கியிருக்கும். உடல் பக்கம் இருக்கும் மேல் ஃப்ரெட்களில் எல்லாம் இரைந்தால் சாடில், அதாவது உடல் பக்கம் பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் துண்டு, தாழ்ந்திருக்கலாம். எங்கே வாசித்தாலும் இரைந்தால், டியூனிங் கீயின் திருகுமரை தளர்ந்து ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்பேனரால் ஒரு திருகு, செலவே இல்லை.

சாடிலை நீங்களே மாற்றலாம், பெரும்பாலும் ஒட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் கணக்கு முக்கியம்: 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 1 மி.மீ. குறைய, சாடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். கம்பியின் நட்டநடுவில் இருப்பது அந்த ஃப்ரெட், அதனால்தான் பாதி. அடிப்பக்கத்தைத் தேயுங்கள், மேல் வளைவில் கை வைக்காதீர்கள். கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பியான டிரஸ் ராடைத் திருகி உயரத்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது கழுத்தின் வளைவைச் சரிசெய்ய மட்டும். தேவைப்பட்டால் கால் சுற்று, அப்புறம் ஒருநாள் விட்டுவிட்டுப் பாருங்கள்.

கம்பி விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. நைலான் கம்பிக்கான கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி போடவே கூடாது. நைலான் செட்டின் மொத்த இழுவிசை சுமார் 40 கிலோ, ஸ்டீல் 70 கிலோவைத் தாண்டும். என் தம்பிக்கு ஒரு கடையில் அப்படி மாட்டிக் கொடுத்து, சில மாதங்களில் உடலில் கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வந்தது.

சென்னை மாதிரி கடலோர ஊர் என்றால் வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் கம்பிகளை, அடிப்பக்கத்தையும் சேர்த்து, துடைத்து வையுங்கள். துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஃப்ரெட்போர்டில் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், பிசுபிசுப்பாகித் தூசியெல்லாம் ஒட்டும்.

ஃப்ரெட் கம்பிகளையே மாற்றுவதுதான் பெரிய செலவு. சி, ஜி கார்ட் பிடிக்கும் முதல் மூன்று ஃப்ரெட்களில் குழி விழுந்திருந்தாலும், முதலில் எல்லாவற்றையும் சமமாக அரத்தால் சீவித் தரச் சொல்லுங்கள். ஃப்ரெட்டில் அதற்கு உயரம் மிச்சமில்லை என்று அவர் காட்டினால் மட்டும் மாற்றுங்கள்.