பணம் எந்த வழியா போகுதுன்னு பாருங்க: ஆன்லைன்ல வாங்குறவங்க கேள்விகளுக்குப் பதில்

மீன்பிடித் தடைக்காலம் வந்தா ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துல எங்க மண்டபம் ஊர்ல விசைப்படகெல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கும். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். வலை, கயிறு, இஞ்சின் சாமான்னு ஆர்டர் போடுறதும் அப்பதான், விளம்பரத்தைப் பாத்து ஏமாறுறதும் அப்பதான். 19 வருஷம் வங்கி கவுண்டர்ல இருந்தவ நான். பணத்தை அனுப்பிட்டு, "மேடம், நிறுத்த முடியுமா"ன்னு ஓடி வந்தவங்க முகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. அதனாலதான் இந்தக் கேள்விகளுக்கு உக்காந்து பதில் எழுதுறேன்.

தங்கச்சிமடத்துலேர்ந்து ஒரு படகுக்காரர்: அக்கா, ஃபேஸ்புக்ல வலை விளம்பரம் ஒண்ணு வருது. கடை விலையில பாதிகூட இல்ல. சைட்ல பூட்டுப் படமும் இருக்கு. நம்பி வாங்கலாமா?

தம்பி, அந்தப் பூட்டுக்கு ஒரே அர்த்தம்தான். உங்க போனுக்கும் அந்த சைட்டுக்கும் நடுவுல போற தகவலை வேற யாரும் படிக்க முடியாது. அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறது வியாபாரியா திருடனான்னு பூட்டு சொல்லாது. திருடனுக்கும் அது இலவசமாவே கிடைக்குது.

சைட் முகவரியைப் படிங்க. 'டாட்' எல்லாம் தாண்டி முதல் சாய்கோடு வர்ற இடத்துல நில்லுங்க. அங்கேர்ந்து இடப்பக்கமா திரும்பி, கடைசி ரெண்டு துண்டைப் பாருங்க. அதுதான் சைட்டோட சொந்தக்காரன் பேரு. "பெரியகடை டாட் ஆஃபர்மேளா டாட் டாப்"னு இருந்தா அது பெரியகடையோட சைட் இல்ல, ஆஃபர்மேளா டாட் டாப்ங்கிறவனோடது. பெரியகடைங்கிற பேரை முன்னால ஒட்டிக்க யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம். 'கோ டாட் இன்', 'ஜிஓவி டாட் இன்' மாதிரி முடிஞ்சா மூணு துண்டாப் பாருங்க.

அப்புறம் சைட்டோட அடியில போங்க. 2020-ல வந்த மின்வணிக விதிப்படி, ஆன்லைன்ல விக்கிற நிறுவனம் தன் பதிவுப் பேரு, முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் எல்லாத்தையும் போட்டிருக்கணும். ஒரு வாட்ஸ்அப் நம்பர் மட்டும் இருக்குன்னா வெளிய வந்துடுங்க. "எங்களைப் பற்றி"ன்னு இருக்கிறதுல ஒரு வரியை எடுத்து கூகுள்ல போட்டுப் பாருங்க. அதே வரி செருப்புக் கடை, சேலைக் கடைன்னு பத்து இடத்துல வந்தா, ஒரே ஆள் விரிச்ச கடைகள்தான் அத்தனையும்.

இவ்வளவும் சொன்னாலும், போலி சைட்டைக் கண்ணால கண்டுபிடிச்சிடலாம்ங்கிற தைரியம் எனக்கே இல்ல. நாளுக்கு நாள் அசலை உரிச்சு வெச்ச மாதிரி செய்யிறாங்க. ஆனா பணம் எந்த வழியா போகணும்ங்கிறது நம்ம கையில இருக்கு. பணம் கட்டுற இடத்துக்கு வந்ததும், பொருள் வந்தபின் பணம்ங்கிறது இல்லாம, கார்டும் இல்லாம, யாரோ ஒரு தனிஆள் பேருல க்யூஆர் கோடு வந்து நிக்குதா? வலை எவ்வளவு மலிவா இருந்தாலும் அதோட போனை வெச்சிடுங்க.

கீழக்கரையிலேர்ந்து ஒரு தங்கச்சி: லாத்தா, யூபிஐ, கார்டு, பொருள் வந்தபின் பணம். இதுல எது நல்லது?

தெரியாத கடைன்னா பொருள் வந்தபின் பணம். அதுலயும் பெட்டிக்குள்ள வேற எதையாவது வெச்சு அனுப்புறவன் உண்டு. அதனால பிரிச்சுப் பாத்து வாங்குற வசதி இருந்தா அதையே எடுங்க. அடுத்தது கார்டு. பொருள் வரலைன்னா வங்கியில 'சார்ஜ்பேக்', அதாவது கட்டின பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேக்கலாம், அதுக்குக் காலக்கெடு உண்டு, தாமதிக்கக் கூடாது. தெரியாதவங்களுக்கு யூபிஐ-ல நேரா அனுப்புறதைக் கடைசியா வைங்க. பின் நம்பர் போட்ட நொடியில பணம் அவங்க கணக்குல போய் நின்னுடும், பொருள் வரலைங்கிற காரணத்தைச் சொல்லித் திருப்ப முடியாது.

என் வீட்டுல செய்யிறதைச் சொல்றேன். ஆன்லைனுக்குன்னு தனியா ஒரு சேமிப்புக் கணக்கு. அதுல ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு மேல வெக்கிறதில்ல. யூபிஐ அந்தக் கணக்கோட மட்டும்தான். சம்பளமும் நகைக்கடன் பணமும் வர்ற கணக்குக்கு யூபிஐ-யே கிடையாது. கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்லயே மூடி வெக்கலாம், ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு வரம்பும் போடலாம். 2020 அக்டோபர்லேர்ந்து எல்லா வங்கியும் இந்த வசதியைத் தந்தாகணும்.

பாம்பன்லேர்ந்து கருவாடு விக்கிற ஒரு அக்கா: வெளியூர்க்காரர் ஒருத்தர் 10 கிலோ நெத்திலி கேட்டாரு. ராணுவத்துல இருக்காராம். "க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்"ங்கிறாரு. பண்ணவா?

பண்ணாதீங்கக்கா. பணம் வாங்குறதுக்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். இருப்பைப் பாக்கும்போது தவிர, பின் கேட்டாலே உங்க கணக்குலேர்ந்து பணம் வெளிய போகப் போகுதுன்னு அர்த்தம்.

இப்படித்தான் ஒரு நாள், கருவாட்டு ஈரம் காயாத கையோட ஒருத்தங்க கவுண்டருக்கு வந்தாங்க. போனை என் பக்கம் திருப்பிக் காட்டுனாங்க. நடுவுல பெருசா 8,000, அதுக்குக் கீழ "செலுத்து"ன்னு பட்டன். "8,000 வருதுன்னுதானே போட்டிருக்கு மேடம்"னாங்க. அவங்க தொகையைப் பாத்தாங்க, பட்டன்ல இருந்த சொல்லைப் பாக்கல. எதிர்ல இருந்தவன் போனை வைக்காம பேசிக்கிட்டே, அவசரப்படுத்திக்கிட்டே இருந்திருக்கான். அதனால பணம் சம்பந்தமா யாராவது பேசிக்கிட்டே இருந்தா, முதல்ல அந்த அழைப்பை வெட்டுங்க, அப்புறம் திரையைப் படிங்க.

இன்னொண்ணு. "பணம் போட்டுட்டேன்"னு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவான். "தெரியாம 500-க்குப் பதிலா 5,000 போட்டுட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க"ன்னு கெஞ்சவும் செய்வான். ஸ்கிரீன்ஷாட்டையும் எஸ்எம்எஸ்ஸையும் நம்பாதீங்க. ஆப்ல இருப்பைப் பாத்துட்டு அப்புறம் கருவாட்டைக் கட்டுங்க.

மதுரையிலேர்ந்து: ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் வர்றோம் மேடம். கூகுள்ல லாட்ஜ் நம்பர் எடுத்துப் பேசினா, முழு வாடகையையும் இப்பவே அனுப்பச் சொல்றாங்க.

அமாவாசைக் கூட்டத்தை வெச்சே பயம் காட்டுவாங்க, "இன்னும் ஒரே ரூம்தான் சார்"னு. கூகுள்ல வர்ற நம்பர் எல்லாம் லாட்ஜ்காரங்க போட்டதா இருக்கணும்னு இல்ல. யூபிஐ-ல பணம் போறதுக்கு முன்னால வங்கியில பதிவான பேரு திரையில வரும். லாட்ஜ் பேருக்குப் பதிலா சம்பந்தமே இல்லாத ஒரு ஆள் பேரு வந்தா அனுப்பாதீங்க. இங்க தெரிஞ்சவங்க யாராவது இருந்தா நேர்ல போய்க் கேக்கச் சொல்லுங்க. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட தமிழ்நாடு ஓட்டலுக்கு அரசு தளத்துலயே பதிவு பண்ணலாம்.

உச்சிப்புளியிலேர்ந்து: "பார்சல் முகவரி தப்பு, 25 ரூபாய் கட்டவும்"னு அஞ்சல் துறை பேருல லிங்க் வந்திருக்கு.

தொடாதீங்க. அவனுக்கு வேண்டியது 25 ரூபாய் இல்ல, உங்க கார்டு நம்பரும் ஓடிபியும். சந்தேகம் இருந்தா உங்க ஊர் தபால்காரர்கிட்டயே கேளுங்க.

தேவிபட்டினத்துலேர்ந்து: பெரிய ஆப்ல வாங்கின மிக்சி உடைஞ்சு வந்துச்சு. மாத்தித் தர மாட்டேங்கிறாங்க.

இது மோசடி இல்ல, நுகர்வோர் புகார். குறைதீர் அலுவலருக்கு எழுதுங்க. 48 மணி நேரத்துல புகாரை வாங்கிக்கிட்டதாச் சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும்ங்கிறது விதி. நடக்கலைன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்கு போடலாம். 5 லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணம் இல்ல. இனிமே பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்துக்கோங்க.

தொண்டியிலேர்ந்து ஒரு அம்மா: என் மகன் நேத்து ராத்திரி போன் வாங்குறேன்னு 14,800 அனுப்பிட்டான். இப்ப அந்த சைட்டே இல்ல. அவங்க அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

முதல்ல மகனைத் திட்டாதீங்கம்மா. பயந்து மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் லாபம். இதைப் படிக்கிறதை நிறுத்திட்டு சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிங்க. லைன் கிடைக்கலைன்னா திரும்பத் திரும்ப அடிங்க, இல்ல சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்துல பதிவு பண்ணுங்க. அந்தப் பணம் எந்த வங்கிக்குப் போச்சோ அங்க தகவல் போகும். வெளிய எடுக்காம மிச்சம் இருக்கிறதை முடக்கி வெப்பாங்க. ஒரு கணக்குலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்திக்கிட்டே போவாங்கங்கிறதால நேரம்தான் எல்லாம்.

பரிவர்த்தனை எண், தொகை, நேரம், சைட் முகவரி, சாட் படங்கள், எல்லாத்தையும் எடுத்து வைங்க. எதையும் அழிக்காதீங்க. உங்க வங்கிக்கும் எழுத்துல சொல்லுங்க.

ஒண்ணை மறைக்காமச் சொல்லிடுறேன். 2017-ல ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி, நமக்குத் தெரியாம நம்ம கணக்குலேர்ந்து போன பணத்துக்கானது. நம்ம தப்பு இல்லாம, 3 வேலை நாளுக்குள்ள வங்கிக்குச் சொல்லிட்டா இழப்பு நம்ம தலையில விழாது. உங்க மகன் தானே பின் போட்டு அனுப்புனதால அதை வெச்சு வங்கிகிட்ட கேக்க முடியாது. அதனாலதான் 1930-ஐ இவ்வளவு அழுத்திச் சொல்றேன். அவங்க அப்பாகிட்டயும் இன்னிக்கே சொல்லிடுங்க. கணக்கு அவர் பேருல இருந்தா வங்கியில கையெழுத்து அவர்தான் போடணும்.

அதே அம்மா, மறுநாள்: புகார் கொடுத்துட்டேன் மேடம். இப்ப ஒருத்தர் போன் பண்ணி, 2,000 கட்டினா முழுப் பணத்தையும் மீட்டுத் தர்றேன்னு சொல்றாரு.

அவனும் திருடன்தாம்மா. பணத்தை மீட்டுத் தர போலீஸும் வங்கியும் காசு கேக்க மாட்டாங்க. நம்பரைக் குறிச்சு வெச்சு, அதையும் அதே புகார்ல சேர்த்துடுங்க.