கடையில் கும்மென்றிருந்த ஸ்பீக்கர் வீட்டில் ஏன் சப்பென்று இருக்கிறது?

கேள்வி: கடையில் கேட்டபோது அசத்தலாக இருந்ததால் ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கினேன். வீட்டில் 12க்கு 10 அடி அறையில் வைத்திருக்கிறேன், சோஃபா ஏறக்குறைய அறையின் நடுவில். குழந்தை தூங்கிய பிறகு இரவில்தான் பாட்டுக் கேட்க நேரம் கிடைக்கிறது. பேஸே இல்லை, சப்பென்று இருக்கிறது. கேபிளை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். அவர் வீட்டில் மாற்றியதும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்ததாம். ஒரு மாதம் ஓடவிட்டால் ஸ்பீக்கர் தானாகவே பழகிவிடும் என்கிறார் இன்னொருவர். அந்த கேபிளின் விலை என் ஸ்பீக்கர் விலையில் பாதி. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பேஸ் எங்கே போனது என்பதற்கான பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இரவில் மெதுவாக வைத்துக் கேட்கிறீர்கள், அதுவும் அறையின் நடுவில் உட்கார்ந்து.

முதலில் வால்யூம். நம் காது எல்லாச் சுரங்களையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. காதுக்குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அந்த நீளத்தாலேயே 3000 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 3000 அதிர்வு, அருகில் உள்ள ஒலி செவிப்பறையை அடையும்போது கூடுதலாகிவிடுகிறது. குழந்தையின் அழுகை எந்தச் சத்தத்திலும் தனியாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். கீழ்ச் சுரங்களில், அதாவது பேஸில், நிலைமை தலைகீழ். 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வரைபடமாக்கினார்கள். அதற்குப் பின் வந்த சர்வதேசத் தர அளவுகளின்படி, 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் (ஒலியின் வலிமையை அளக்கும் அலகு) கேட்கிறது என்றால், 100 ஹெர்ட்ஸ் ஒலியும் அதே அளவு சத்தமாகத் தோன்ற சுமார் 64 டெசிபல் வேண்டும். அதாவது 24 டெசிபல் கூடுதல். சத்தத்தை ஏற்றி 1000 ஹெர்ட்ஸை 80 டெசிபலுக்குக் கொண்டுபோனால், 100 ஹெர்ட்ஸுக்கு சுமார் 92 போதும். கூடுதல் தேவை 12 ஆகக் குறைந்துவிடுகிறது.

கடையில் வால்யூமைத் தாராளமாகத் திருப்பி வைத்திருப்பார்கள். வீட்டில் அதே பாட்டை, அதே ஸ்பீக்கரில், மெதுவாகக் கேட்கிறீர்கள். ஸ்பீக்கர் எதையும் குறைக்கவில்லை, உங்கள் காதுதான் பேஸைக் கழித்துவிடுகிறது. பல ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பட்டன் இருப்பது இதற்காகத்தான். உங்களுடையதில் இருந்தால் இரவில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பேஸ் குமிழைக் கொஞ்சம் கூட்டுங்கள். டோன் குமிழைத் தொடுவதே பாவம் என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. மெதுவாகக் கேட்கும்போது குமிழைத் தொடாமல் இருந்தால்தான் பாட்டு அதை ஒலிப்பதிவு செய்தவர் நினைத்த மாதிரி கேட்காது.

அடுத்தது சோஃபா. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் அருகிலும், 10 அடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸ் அருகிலும் ஒலி அலை சுவருக்குச் சுவர் மோதி நிலைத்து நிற்கும். பேஸ் கிட்டாரின் அடித் தந்திகள் இரண்டும் இந்த வட்டாரத்தில்தான் ஒலிக்கின்றன. அப்படி நிற்கும் அலையின் அழுத்தம் சுவரோரம் உச்சம், அறையின் நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பேஸ் நிறைந்த ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சோஃபாவிலிருந்து எழுந்து பின்சுவரை நோக்கி மெல்ல நடந்து பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் பேஸ் கூடிக்கொண்டே வரும், சுவரை ஒட்டி நின்றால் திகட்டும் அளவுக்கு. எந்த இடத்தில் சரியாக இருக்கிறதோ அங்கே சோஃபாவைத் தள்ளிப் போடுங்கள். இரண்டு மூன்று அடி நகர்த்தினாலே போதும்.

கூடவே ஸ்பீக்கர் வயர்களின் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். பாடுகிறவர் குரலும் நடுவில் நிற்காது. நடுவில் ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. இரண்டு காதுக்கும் ஒரே சேதி ஒரே நேரத்தில் வந்தால், ஒலி நேர் எதிரே இருப்பதாக மூளை முடிவுகட்டுகிறது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலிகூட ஒரு காதை விட மறு காதுக்கு ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவாகத்தான் தாமதிக்கும், அந்த நூலிழை வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசை சொல்கிறது. ஒரு வயரை மாற்றி மாட்டிவிட்டால் அதன் கணக்கே குழம்பிப்போகும்.

இப்போது நண்பரின் கேபிள். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே வித்தியாசம் கேட்டிருக்கும். அது கேபிளிலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி.

நாம் கேட்பது காதில் விழுவது மட்டுமல்ல. கண்ணில் படுவதையும், ஏற்கெனவே தெரிந்ததையும் சேர்த்துத்தான் மூளை ஒலியைத் தருகிறது. போனில் பேசும் ஆணின் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குரலின் அடி அதிர்வு 100, 120 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். பழைய டெலிபோன் லைன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பியதே இல்லை. ஆனாலும் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்டது. மேலே உள்ள அதிர்வுகளின் இடைவெளியைப் பார்த்து, இல்லாத அடிச் சுரத்தை மூளையே போட்டுக்கொள்கிறது. கண்ணின் பங்கு இன்னும் வியப்பானது. 1976இல் மெகர்க், மெக்டொனால்ட் இருவரும் வெளியிட்ட சோதனையில், 'கா' என்று அசையும் உதடுகளோடு 'பா' என்ற ஒலியைச் சேர்த்துக் காட்டினார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கேட்டது 'டா'. கண்ணை மூடினால் 'பா', திறந்தால் மறுபடி 'டா'. விஷயம் தெரிந்த பிறகும் இது மாறுவதில்லை.

ஸ்பீக்கரிலும் இதேதான். 1994இல் ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 40 ஊழியர்களுக்கு நான்கு ஸ்பீக்கர்களைப் போட்டுக் காட்டினார்கள், திரைக்குப் பின்னால் மறைத்து ஒருமுறை, கண்ணுக்குத் தெரியும்படி ஒருமுறை. மறைத்திருந்தபோது பெரியவற்றுக்கு ஈடுகொடுத்த விலை குறைந்த சின்ன பிளாஸ்டிக் பெட்டி, கண்ணுக்குத் தெரிந்ததும் மதிப்பெண்ணில் சரிந்துவிட்டது. கேட்டவர்கள் ஒலித்துறையில் இருந்தவர்கள் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அனுபவம் இருப்பதால் மட்டும் இதிலிருந்து தப்ப முடியாது.

கேபிளின் மின்கணக்கு எளிது. மூன்று மீட்டர் நீளத்துக்கு சாதாரண செம்பு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் போட்டால், போகவர அதன் தடை 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதனால் வரும் இழப்பு 0.1 டெசிபலுக்கும் கீழே. மனதுக்கு நிறைவாக இருக்கும் என்றால் 2.5 ஸ்கொயர் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் செலவு தேவையில்லை.

ஒரு மாதம் ஓடவிடும் யோசனைக்கு வருகிறேன். புது ஸ்பீக்கரில் கூம்பைத் தாங்கும் பாகங்கள் ஆரம்பத்தில் கொஞ்சம் இளகும், அது சீக்கிரமே முடிந்துவிடும். அப்புறம் பழகுவது நீங்கள்தான். 1998இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் சிலரின் காது மடலுக்குள் அச்சு வைத்து அதன் வடிவத்தை மாற்றினார்கள். ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்பதே அவர்களுக்குப் பிடிபடாமல் போனது. சில வாரங்களில் புது வடிவத்தை வைத்தே திசை சொல்லக் கற்றுக்கொண்டார்கள். அச்சை எடுத்ததும் பழைய திறமையும் அப்படியே இருந்தது. புதுக் காதுக்கே பழகும் மூளை, புது ஸ்பீக்கரின் குணத்துக்குப் பழகாதா? ஆகவே ஒரு மாதம் காத்திருப்பதில் நஷ்டமில்லை. திருப்பிக் கொடுக்கும் கெடு அதற்குள் முடிந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கேபிள் ஆசை விடவில்லை என்றால், நண்பருடையதை ஒரு நாள் இரவல் வாங்குங்கள். ஸ்பீக்கர் முனையில் மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட் அளக்கும் நிலையில் வைத்து, 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, இரண்டு கேபிளிலும் வோல்ட் ஒரு சதவீதத்துக்குள் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். இதை விடக் கூடாது. அரை டெசிபல் வித்தியாசம் சத்தம் கூடியதாகத் தோன்றாது, ஒலி தெளிவானதாகத் தோன்றும். குரல் முன்னே வந்த மாதிரி, தாளக் கருவிகள் துலங்கிய மாதிரி இருக்கும். பிறகு வீட்டில் ஒருவரை நாணயம் சுண்டச் சொல்லி, அதன்படி உங்கள் கண்ணில் படாமல் கேபிளை மாற்றச் சொல்லுங்கள். மாற்றாதபோதும் கழற்றி மாட்டட்டும், இல்லையென்றால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். பாட்டின் அதே இருபது விநாடியைப் போடுங்கள், மாற்றுவதற்கு நேரம் இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலியின் நுணுக்கங்கள் நினைவில் சில விநாடிகளுக்கு மேல் நிற்பதில்லை. 16 முறையில் 12 முறையாவது சரியாகச் சொன்னால், அது குருட்டாம்போக்கில் நடக்கும் வாய்ப்பு நான்கு சதவீதத்துக்கும் குறைவு. அப்படி வந்தால் தாராளமாக வாங்குங்கள். வராவிட்டால் அந்தப் பணத்தில் தரைக்கு ஒரு கனமான ஜமுக்காளமும் ஜன்னலுக்குத் தடித்த திரையும் வாங்கலாம். சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையுமான அறையில் குரலின் கூச்சல் அடங்குவது முதல் பாட்டிலேயே தெரியும்.