அட்லாஸ் முதல் தசர் வரை: பெரிய பட்டு அந்துப்பூச்சிகளின் இறக்கைக் குறிகள் (கேள்வி பதில்)

சாட்டர்னிடே என்னும் பெரிய பட்டு அந்துப்பூச்சிக் குடும்பத்தைப் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். படம் அனுப்புகிறவர்கள் எடுத்த ஊரையும் மாதத்தையும் கட்டாயம் எழுதுங்கள். இவை இரண்டும் இல்லாமல் பேரினம் வரை சொல்லிவிடலாம். சிற்றினம் சொல்வது பல நேரம் ஊகமாகிவிடும்.

கேள்வி (வால்பாறை): ஐயா, குடியிருப்புச் சுவரில் ஒரு சாண் அகலத்தில் செம்பழுப்புப் பூச்சி. நான்கு இறக்கைகளிலும் முக்கோணக் கண்ணாடி வைத்ததுபோல் இருக்கிறது. தேடிப்பார்த்ததில் அட்டாகஸ் அட்லாஸ் என்று வருகிறது. சரிதானா?

பதில்: பேரினம் சரி, சிற்றினம் தவறு. 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட அட்டாகஸ் அட்லாஸ், இமயமலை அடிவாரத்திலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை வாழ்வது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அட்டாகஸ் தாப்ரோபானிஸ். பிரெடெரிக் மூர் விவரித்தது. அந்தமானில் வேறொன்று, அட்டாகஸ் மக்முல்லெனி. இந்தப் பேரினம் முழுவதையும் ஆராய்ந்து ரிச்சர்ட் பீக்லர் 1989-இல் ஒரு திருத்த நூல் வெளியிட்டார். இந்தக் குழுவில் நிறம் நம்பத்தக்கதல்ல. ஒரே சிற்றினத்துக்குள்ளேயே செம்பழுப்பிலிருந்து மஞ்சள்பழுப்பு வரை மாறும். ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பும், அது எங்கே வாழ்கிறது என்பதும்தான் உறுதியான சான்றுகள். நீங்கள் வால்பாறை என்று எழுதியதால்தான் என்னால் இவ்வளவு திடமாகச் சொல்ல முடிகிறது.

கேள்வி (ஷில்லாங்கில் பணிபுரியும் தமிழர்): இங்கே பார்த்தது அட்லாஸைவிடக் கறுத்திருக்கிறது. வயிறு வெள்ளையாக இருக்கிறது. இது அட்லாஸின் இன்னொரு நிறமா?

பதில்: இல்லை. வெளுத்த வயிறுதான் விடை. ஆர்க்கியோஅட்டாகஸ் எட்வர்ட்ஸி. ஒரு காலத்தில் அட்டாகஸுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். இப்போது தனிப் பேரினம்.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): இந்தக் குடும்பத்தில் பேரினங்களைப் பார்த்தவுடன் பிரிக்க ஒரு வழி சொல்லுங்கள், ஐயா.

பதில்: நல்ல கேள்வி, அம்மா. முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். ஒவ்வோர் இறக்கையின் நடுவிலும், நடுவறை (நரம்புகள் சூழ்ந்த பெரிய அறை) முடியும் இடத்தில் ஒரு குறி இருக்கும். அதன் வடிவத்தைப் பாருங்கள். பெரிய முக்கோணச் சன்னலாக இருந்தால் அட்டாகஸ். மெல்லிய பிறையாக இருந்தால் சாமியா. எரிப் பட்டு தரும் இனம் அதில்தான் இருக்கிறது. வளையங்கள் சூழ்ந்த வட்டக் கண்ணாக இருந்து, அதன் நடுவே செதில் இல்லாத ஒளிபுகும் பொட்டு தெரிந்தால் ஆந்தெரியா. தசர், முகா என்ற பட்டுகளைத் தரும் பூச்சிகள் அந்தப் பேரினம். உடல் வெள்ளை, இறக்கை வெளிர்பச்சை, சிறிய கண், பின்னிறக்கையில் நீண்ட வால் என்றால் ஆக்டியாஸ். இந்தச் சன்னல்களில் கண்ணாடி எதுவும் இல்லை. மற்ற இடங்களைப் போர்த்தியிருக்கும் செதில்கள் அங்கே இல்லாததால் வெறும் சவ்வு தெரிகிறது.

அடுத்தபடியாக, குறுக்குக் கோடுகள் எங்கே வளைகின்றன, முன்னிறக்கை நுனி எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஆண், பெண் வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளவேண்டும். வடகிழக்கில் வாழும் ஆக்டியாஸ் மேனஸில் பெண் வெளிர்பச்சை. ஆணோ மஞ்சள் இறக்கையில் செம்பழுப்புத் திட்டுகள் கொண்டது. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே சிற்றினம் என்று நம்பமாட்டீர்கள்.

கேள்வி (ஓசூர்): இது கடிக்குமா? விஷம் உண்டா?

பதில்: கடிக்காது, விஷமும் இல்லை. முதிர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாயே இல்லை. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பில் ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டு இறந்துவிடும்.

கேள்வி (திருநெல்வேலி): அட்லாஸின் இறக்கை நுனி நாகத்தின் தலையைப் போலவே இருக்கிறதே. பறவைகளைப் பயமுறுத்தத்தானே இந்த ஏற்பாடு?

பதில்: எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் அதை ஒரு கருதுகோளாக மட்டுமே ஏற்கிறேன். அந்த நுனி வளைவும் அருகிலுள்ள கண்பொட்டும் அட்டாகஸுக்கு மட்டும் சொந்தமல்ல. சாமியாவில் இருக்கிறது. வட அமெரிக்காவின் ஹையலோஃபோரா, தென் அமெரிக்காவின் ரோத்ஸ்சைல்டியா ஆகிய உறவுப் பேரினங்களிலும் இருக்கிறது. ஆகவே பாம்பு உருவம் என்று விளக்குமுன், குலம் முழுவதற்கும் பொதுவான ஒரு குறியைப் பார்க்கிறோம் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2021-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த நுனியின் மடிப்பையும் நெளிவையும் ஒலியால் சோதித்தார்கள். வௌவாலின் ஒலியலை பட்டால் உடலைவிட நுனியே வலுவாக எதிரொலிக்கிறது என்று கண்டார்கள். வௌவால் நுனியைக் கவ்வும், இறக்கை கிழியும், பூச்சி பிழைக்கும்.

அதே நண்பர் மீண்டும்: வௌவால் இரவில் வருவது. பகலில் சுவரில் உட்கார்ந்திருக்கும்போது பறவை பார்ப்பது நிறம்தானே? தொட்டால் தரையில் விழுந்து இறக்கையை மெல்ல அசைக்கிறதே, அதுவும் பாம்பு அசைவு இல்லையா?

பதில்: நியாயமான மறுப்பு. வடிவத்தை வௌவாலும் வண்ணத்தை பறவையும் செதுக்கியிருக்கலாம்; இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஆனால் நம் கண்ணுக்குப் பாம்பாகத் தெரிவது பறவைக்கும் பாம்பாகத் தெரியும் என்று எப்படி முடிவு செய்வது? மெதுவாக அசையும் பெரிய இறக்கையே பறவையைத் திடுக்கிடச் செய்யப் போதுமானது. பாம்பு என்று நிறுவ வேண்டுமானால், நுனிக் குறியை மறைத்த பூச்சியையும் மறைக்காத பூச்சியையும் பறவைகள் முன் வைத்துப் பார்க்கவேண்டும்.

கேள்வி (கண்டி): அப்படியானால் நிலவு அந்துப்பூச்சியின் (ஆக்டியாஸ்) வாலும் வௌவாலுக்காகத்தானா, ஐயா?

பதில்: ஆம். அமெரிக்காவின் ஆக்டியாஸ் லூனாவை வைத்து 2015-இல் சோதித்தார்கள். வால் உள்ள பூச்சிகள் தப்பிக்கும் வாய்ப்பு, வால் வெட்டப்பட்டவற்றைவிட ஏறத்தாழ 47 விழுக்காடு கூடுதல். பறக்கும்போது சுழலும் வால் வௌவாலின் தாக்குதலைத் தன் பக்கம் திருப்புகிறது. முன்னிறக்கை நுனி இந்த வாலுக்கு மாற்றான ஏற்பாடு என்பது பிரிஸ்டல் குழுவின் கருத்து. திருநெல்வேலி நண்பர் இதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். நுனியின் வேலையைப் பின்னிறக்கை வாலோடு ஒப்பிட்டால்தான் புரியும். பாம்போடு மட்டும் ஒப்பிட்டால் புரியாது.

கேள்வி (சேலம்): பெரிய பழுப்புப் பூச்சி, படம் இணைத்துள்ளேன். என்ன இனம்? விஷமா?

பதில்: எந்த மலை, எந்த மாதம்? விஷத்துக்கு ஓசூர்க்காரருக்குத் தந்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி (பெயர், ஊர் இல்லை): புழு தோலில் பட்டால் ஆபத்தா?

பதில்: அட்லாஸ் புழுவின் மேலிருக்கும் வெள்ளை மாவு தீங்கற்றது. இதே குடும்பத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய புழு லோனோமியா. அது தென் அமெரிக்காவில் வாழ்வது. விஷம் பற்றிய கேள்விகளை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

கேள்வி (காஞ்சிபுரம்): நம் பட்டுச் சேலைக்கான புழுவும் இந்தக் குடும்பம்தானா?

பதில்: இல்லை. மல்பெரிப் பட்டுப்பூச்சி பாம்பிசிடே குடும்பம்.

கேள்வி (ஜார்க்கண்டில் ஆய்வு செய்யும் மாணவர்): தசர் பூச்சியைச் சிலர் மைலிட்டா என்றும் சிலர் பாஃபியா என்றும் எழுதுகிறார்கள். எதைப் பயன்படுத்துவது?

பதில்: பாஃபியா லின்னேயஸ் 1758-இல் தந்த பெயர், மைலிட்டா ட்ரூரி 1773-இல் தந்தது. இரண்டும் ஒரே பூச்சியைக் குறிக்கின்றனவா என்பதில் வகைப்பாட்டாளர்கள் ஒத்துப்போகவில்லை. பட்டு வளர்ப்புத் துறையினர் மைலிட்டா என்றே எழுதுகிறார்கள். நீங்களும் அப்படியே எழுதி, எந்த ஆசிரியரைப் பின்பற்றுகிறீர்கள் என்று குறிப்பிடுங்கள், தம்பி. சேகரித்த காடு, மரம் இரண்டையும் பதியுங்கள். சால் மரமா மருதா என்பது பின்னால் தேவைப்படும்.

கேள்வி (ஏற்காடு): கரும்பழுப்பு, முன்னிறக்கையில் ஆந்தைக் கண். வீட்டுக்குள் வந்தது.

பதில்: எரிபஸ் பேரினமாக இருக்கலாம். எரிபிடே குடும்பம் என் துறையல்ல. அந்தக் குடும்பத்தில் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி (கூடலூர்): ஒதிய மரத்தடியில் ஆக்டியாஸ் கூடு கிடைத்தது. பெட்டியில் வைத்திருக்கிறேன். எப்போது வெட்டித் திறக்கலாம்?

பதில்: வெட்டவே கூடாது! பூச்சி தானே கூட்டைத் திறந்து வெளியே வரும். வந்ததும் சொரசொரப்பான எதையாவது பற்றி ஏறி, இறக்கை கீழ்நோக்கித் தொங்கும்படி நிற்கவேண்டும். அப்போதுதான் உடல் நீர் பாய்ந்து இறக்கை விரியும். வழவழப்பான பெட்டிக்குள் ஏறமுடியாமல் போனால் சுருங்கிய இறக்கை அப்படியே காய்ந்துவிடும். இன்றைக்கே அந்தக் கூட்டை எடுத்து, அதே ஒதிய மரத்தின் நிழலில், எறும்பு ஏறாத கிளையில் நூலால் கட்டிவிடுங்கள்.