ஆளரவமற்ற குடாவில் ஓர் இரவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டு பாறைமுனைகளுக்கு நடுவே மறைந்திருக்கும் ஒரு சிறிய குடாவில் குடும்பத்தோடு இரண்டு இரவுகள் கூடாரமிட்டுத் தங்க விரும்புகிறோம். கடல் வற்றியிருக்கும்போது பாறையடியை ஒட்டி நடந்தால்தான் அங்கே போக முடியும் என்கிறார்கள். கூடாரத்தை எந்த இடத்தில் அமைப்பது பாதுகாப்பானது?

பதில்: கூடாரத்தின் இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த வழியைப் பற்றிப் பேசியாக வேண்டும். கடல் வற்றும்போது திறக்கும் வழி கடல் ஏறும்போது மூடிக்கொள்ளும். ஆகவே போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் உங்கள் விடுமுறை தீர்மானிக்க முடியாது, ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம்தான் தீர்மானிக்கும். உலகின் பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆவதால், இந்தக் கணக்கு ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கால் நனையாமல் கடந்த பாறையடி, திங்கட்கிழமை அதே 9 மணிக்கு முழங்கால் அளவு நீரில் கிடக்கலாம்.

நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஏறும் மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கும், இரண்டாவதில் இரண்டு பங்கும், மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கும், ஐந்தாவதில் இரண்டு பங்கும், கடைசி மணியில் ஒரு பங்குமாக ஏறும் என்பது கடலோடிகள் நெடுங்காலமாகக் கையாளும் தோராயக் கணக்கு. அதாவது, முதல் ஒரு மணி நேரம் கடல் அசையாததுபோல் தோன்றி, "இன்னும் நேரம் இருக்கிறது" என்ற நம்பிக்கையைத் தந்துவிட்டு, அடுத்த மூன்று மணி நேரத்துக்குள் மொத்த ஏற்றத்தில் பெரும்பகுதியை முடித்துவிடும். பாறையடியில் சிக்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் ஏமாறுகிறார்கள். எனவே நீர் மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே நடக்கத் தொடங்குங்கள். வழியில் யாருக்காவது கால் பிசகினாலும் கடல் உங்களுக்கு அவகாசம் தரும்.

ஒரு கரையில் கிடைத்த அனுபவத்தை இன்னொரு கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். மத்தியதரைக் கடலின் பல இடங்களில் ஏற்ற இறக்கம் சில பத்து சென்டிமீட்டர்தான். கனடாவின் ஃபண்டி விரிகுடாவிலோ அது சுமார் 16 மீட்டர் வரை எட்டுகிறது. புனல்போல் ஒடுங்கும் குடாக்கள் பல நீரை உயர்த்திக் காட்டும். நீங்கள் போகும் இடத்துக்கு மிக அருகிலுள்ள துறைமுகத்தின் ஓத அட்டவணையைப் பாருங்கள்; அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாட்களிலும் ஏற்றம் மிக அதிகமாக இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இனி கூடாரம். மணலில் ஈரப் பாசி வரிசையாகக் கிடக்கும் கோடு, கடைசி ஏற்றம் எதுவரை வந்தது என்பதை மட்டுமே சொல்லும். இன்றிரவு எதுவரை வரும் என்பதை அது சொல்லாது. என் முதல் கடற்கரை முகாமில் அந்தக் கோட்டை நம்பி, அதற்குப் பத்தடி மேலே படுத்தேன். பௌர்ணமிக்கு முந்தைய நாட்கள் அவை என்பதை யோசிக்கவில்லை. நள்ளிரவில் கூடாரத்தின் வாசலில் நீர் வந்து நின்றது. குழந்தைகள் உடன் இல்லாதது அன்று எங்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. அந்தக் கோட்டுக்கும் மேலே, வெளுத்துக் காய்ந்த மரத்துண்டுகளும் பழைய மிதவைகளும் ஒதுங்கிக் கிடக்கும் இன்னொரு கோடு இருக்கும். பெரும் ஏற்றமும் புயலலையும் விட்டுச்சென்ற அடையாளம் அது. அதற்கும் மேலேதான் படுக்க வேண்டும். கரையை நோக்கி வீசும் பலத்த காற்று நீரைக் குடாவுக்குள் குவிக்கும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். அட்டவணையில் இவை இரண்டும் இருக்காது.

நீரிலிருந்து விலக வேண்டும் என்று செங்குத்துப் பாறையின் அடியில் ஒதுங்கிவிடாதீர்கள். அங்கே கூர்முனை மழுங்காத கற்கள் கிடந்தால், அவை அண்மையில் மேலிருந்து விழுந்தவை. ஓடை கடலில் சேரும் முகத்துவாரமும் ஆகாது. உள்நாட்டில் பெய்யும் மழை இரவோடிரவாக அங்கே வந்து சேரும். இத்தனையும் கழித்த பிறகு கூடாரத்துக்கு இடமே மிஞ்சாத குடாக்கள் பல உண்டு. அப்படியானால் பகலில் போய்விட்டுத் திரும்பிவிடுங்கள். அங்கே இரவு தங்குவதற்கு வேறு உத்தி எதுவும் இல்லை. பல கரைகள் காப்பகங்களாகவோ தனியார் நிலமாகவோ இருப்பதால், தங்க அனுமதி உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: குடாவுக்குள் கடல் குளம்போல் அமைதியாக இருக்கும் என்கிறார்களே, அங்கே நீந்துவது பாதுகாப்பானதுதானே?

பதில்: பாறைமுனைகள் அலையைத் தடுப்பதால் அப்படித் தோன்றுவது உண்மைதான். ஆனால் கரைக்கு வந்த நீர் எப்படியும் வெளியே போயாக வேண்டும். அதற்கு அது பெரும்பாலும் பாறைமுனையின் ஓரத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறது. இருபுறமும் அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவிலோ பாறையை ஒட்டியோ ஒரு பட்டை மட்டும் இருண்டு, சமனாக, நுரையைக் கடல்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினால், அது இழுவை நீரோட்டம். நீந்தத் தெரியாத கண்ணுக்கு அந்தப் பட்டைதான் மிகவும் பாதுகாப்பான இடமாகத் தெரியும் என்பதுதான் இதிலுள்ள துயரம்.

அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. வேகமான இழுவை நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேலும் ஓடும். தேர்ந்த நீச்சல் வீரராலும் அதை வெல்ல இயலாது. அது ஆளைக் கீழே அமிழ்த்துவதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. ஆகவே மல்லாந்து மிதந்து, மூச்சைச் சீராக்கி, கையை உயர்த்தி உதவி கேளுங்கள்; வலு இருந்தால் கரைக்கு இணையாக, பாறைக்கு எதிர்ப்பக்கமாக நீந்தி, அலை உடையும் இடத்தை அடைந்து, அந்த அலைகளோடு கரைக்கு வாருங்கள். உயிர்காப்பாளர் இல்லாத குடாவில் இறங்குவதற்கு முன் கரையில் இருபது நிமிடமாவது நின்று கடலைப் பார்ப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். அலைகள் கூட்டம் கூட்டமாக வருபவை. இரண்டு பெரிய கூட்டங்களுக்கு இடையிலுள்ள அமைதியை மட்டும் பார்த்துவிட்டு இறங்குவது தவறு.

கேள்வி: குடாவில் ஓர் ஓடை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். குடிநீரைச் சுமந்து செல்வதைத் தவிர்க்கலாமா?

பதில்: தவிர்க்க வேண்டாம். ஏற்றத்தின்போது கடல்நீர் ஓடைக்குள் நெடுந்தூரம் புகும். அந்த உப்பைக் கொதிக்கவைத்து நீக்க முடியாது. மேலே போய் நன்னீர் எடுத்தாலும் குறைந்தது ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்கவைத்த பிறகே குடிக்க வேண்டும். கிருமிகள் சாகும், ஆனால் ரசாயனக் கழிவு இருந்தால் அது அப்படியே இருக்கும். வெப்பமான நாளில் ஒருவருக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு நாளுக்கான கூடுதல் நீரையும் கொண்டுசெல்லுங்கள். ஓதத்தைத் தவறவிட்டால் அந்த நீர்தான் உங்களைக் காக்கும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரை எந்த நிலையிலும் குடிக்கக் கூடாது. அந்த உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் குடித்ததைவிட அதிக நீரைச் செலவிட நேரும்.

கேள்வி: மணலில் கூடார முளைகள் நிற்பதே இல்லை. என்ன செய்வது?

பதில்: மெல்லிய கம்பி முளைகள் மணலுக்கானவை அல்ல. சிறு துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றை அவற்றில் கட்டி, இரண்டு அடி ஆழத்தில் புதைத்து மேலே மிதித்து இறுக்குங்கள். பலத்த காற்றையும் அவை தாங்கும். பகலில் கடலிலிருந்து வீசும் காற்று இரவில் நிலத்திலிருந்து வீசத் தொடங்கும் என்பதால், நான்கு பக்கக் கயிறுகளையும் ஒரே அக்கறையோடு கட்டுங்கள்.

கேள்வி: ஒதுங்கிய மரத்துண்டுகளைக் கொண்டு இரவில் தீ மூட்டிக் குளிர்காய்வதில் தவறு உண்டா?

பதில்: சமையலுக்குச் சிறிய எரிவாயு அடுப்பே போதும் என்பது என் கருத்து. கடல்நீரில் ஊறிய மரத்தில் உப்பு இருக்கிறது. அதை எரிக்கும்போது டையாக்சின் போன்ற நச்சுகள் உருவாகக்கூடும். அந்தத் துண்டுகளின் அடியில் கரையோர உயிரினங்கள் வாழ்கின்றன. அந்த மரத்துண்டுகள் காற்றில் பறக்கும் மணலையும் பிடித்து வைக்கின்றன. அனுமதி உள்ள இடத்தில் தீ மூட்டியே ஆக வேண்டும் என்றால், உயர்நீர்க் கோட்டுக்குக் கீழே சிறிதாக மூட்டி, தண்ணீர் ஊற்றி, கையை வைத்துப் பார்த்துக் குளிர்ந்ததை உறுதி செய்யுங்கள். மணலைப் போட்டு மூடிவிட்டுப் போவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். மூடிய தணல் பல மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும், மேலே பார்த்தால் வெறும் மணலாகத்தான் தெரியும். மறுநாள் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதில் மிதிக்கும். இப்படிக் காயம்பட்ட பிஞ்சுக் கால்களை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கழிப்பறை இல்லாத இடத்தில் என்ன செய்வது?

பதில்: கூச்சப்பட வேண்டியதே இல்லை, இதை யாரும் கேட்காததால்தான் பல அழகிய குடாக்கள் கெட்டுப்போயின. மணலில் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் குறைவு. புதைத்தாலும் அலை அதை வெளிக்கொணரும். கடற்கரையை விட்டு உள்ளே, ஓடையிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி, செடிகொடி வளரும் மண்ணில் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தையும் மாதவிடாய்ப் பஞ்சுகளையும் புதைக்காமல் பையில் திரும்பக் கொண்டுவாருங்கள். பாறைச்சுவர் சூழ்ந்து மண்ணே இல்லாத குறுகிய குடாவில், கழிவையும் மூடிய பையில் எடுத்து வந்துவிடுவதுதான் நேர்மையான ஒரே வழி.

கேள்வி: நாங்கள் தங்கப்போகும் மணலில் கடலாமைகள் முட்டையிடுமாம். விளக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முட்டையிடும் பருவம் என்றால் அந்த மணலில் தங்கவே வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் இரவில் அடிவானத்தின் வெளிச்சமான பக்கத்தை நோக்கி ஊர்கின்றன. இயற்கையான கரையில் அது கடலின் பக்கம். உங்கள் விளக்கு எரிந்தால் அவை நிலத்தை நோக்கித் திரும்பி, களைத்து, விடிந்ததும் பறவைகளுக்கு இரையாகும். புதைத்த பைகளும் அடித்த முளைகளும் மணலுக்கடியில் இருக்கும் முட்டைகளைச் சிதைக்கும். கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடும் கரைப்பறவைகளுக்கும் இதே இடர் உண்டு. ஒரு பறவை உங்களைச் சுற்றிச் சுற்றிக் கத்தினால், கூடு உங்கள் காலடியில் இருக்கிறது என்று புரிந்துகொண்டு, வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள்.

கேள்வி: கைப்பேசி இணைப்பு கிடைக்காத இடத்தில் சுனாமி வந்தால் எப்படித் தெரியும்?

பதில்: நில அதிர்வு இருபது நொடிக்கு மேல் நீடித்தாலும், நிற்க முடியாதபடி உலுக்கினாலும், ஓதக் கணக்குக்குப் பொருந்தாமல் கடல் திடீரெனப் பின்வாங்கினாலும், பெரும் இரைச்சல் கேட்டாலும் உடனே மேட்டுக்கு ஏறுங்கள், எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் ஃபூகெட் தீவில் ஒரு கடற்கரையில் இருந்த பத்து வயதுச் சிறுமி, இரு வாரங்களுக்கு முன் பள்ளியில் படித்த புவியியல் பாடத்தை நினைவுகூர்ந்து, நுரைத்துப் பொங்கிய கடலை அடையாளம் கண்டு எச்சரித்ததால் அந்தக் கரையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். முதல் அலை போனதும் இறங்கிவிடக் கூடாது. பின்னால் வருவது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். குடாவுக்குப் போன முதல் பகலிலேயே மேட்டுக்கு ஏறும் வழியைக் குடும்பத்தோடு ஒருமுறை நடந்து பாருங்கள். எப்போது திரும்புவீர்கள், எந்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் தேட வேண்டும் என்பதை ஊரிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

கேள்வி: சென்ற முறை இரவில் அலைகள் நீலமாக ஒளிர்வதைக் கண்டோம். அந்த நீரைத் தொடலாமா?

பதில்: நீங்கள் கண்டது நாக்டிலூகா போன்ற நுண்ணுயிரிகளின் ஒளி; நீர் கலங்கும்போது அவை ஒரு கணம் மின்னுகின்றன. கையால் அளைந்து பார்ப்பது பொதுவாகத் தீங்கு தராது. ஆனால் பகலில் அந்த நீர் செந்நிறமாகவோ பழுப்பாகவோ தடித்துக் கிடந்தாலோ, மீன்கள் செத்து ஒதுங்கியிருந்தாலோ, அதில் குளிக்காதீர்கள், அங்கே பிடித்த சிப்பிகளையும் உண்ணாதீர்கள். அத்தகைய பெருக்கங்களில் சில நச்சுள்ளவை. அடுத்த முறை நிலவில்லாத இரவாகப் பார்த்து, எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, கண் இருளுக்குப் பழக இருபது நிமிடம் பொறுத்திருங்கள். அமாவாசையை ஒட்டிய இரவு என்றால் ஏற்றமும் பெரிதாக இருக்கும் என்பதால், கூடாரத்தை இன்னும் சற்று மேலே தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.