ஆமை முதுகில் ஒன்றரை லட்சம் பேர்

கேள்வி: கடலடி மணலில் வாழும் குட்டிப் புழுக்களால் நெடுந்தூரம் நீந்த முடியாது, அவற்றின் குஞ்சுகளும் நீரில் மிதந்து போவதில்லை என்கிறார்கள். அப்புறம் எப்படி ஒரே இனம் பெருங்கடலின் இரண்டு கரைகளிலும் இருக்கிறது?

பதில்: என் இளமையில் பாதி இந்தப் பிராணிகளை மணலிலிருந்து பிரித்தெடுப்பதிலேயே போனது. கடல்நீர் விட்டுக் குலுக்கினால் லேசில் வராது. வாலில் பசை சுரந்து மணல் துகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நன்னீரை ஊற்றினால் திடுக்கிட்டுப் பிடியை விடும்; உடனே கலங்கலை நுண்சல்லடையில் வடித்துவிட வேண்டும். தாமதமாக வடித்து நான் வாங்கிய திட்டுகளுக்குக் கணக்கே இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடித்துக்கொண்டு போகப்படாமல் இருப்பதற்கென்றே அமைந்த உடம்பு அது. மட்டியும் நண்டும் லார்வா எனப்படும் குஞ்சுகளை நீரோட்டத்தில் விட்டுவிடும். அவை வாரக்கணக்கில் மிதந்து திரியும். நீங்கள் கேட்ட குட்டிப் புழுவான நூற்புழுவோ மணலிலேயே முட்டையிடும், குஞ்சும் அங்கேயே பெரிதாகும். ஆய்வாளர்களே இதற்குப் 'புதிர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனாலும் பிடி நழுவத்தான் செய்கிறது. சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் நூற்புழு என்பது சர்வசாதாரணம். ஓர் அலை கிளப்பிவிடும் கைப்பிடி மணலோடு ஒரு கூட்டமே கிளம்பிவிடும். போய்ப் படியும் இடம் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் பல இனங்களுக்கு ஒரு தலைமுறை என்பது சில வாரங்கள்தான். இப்படித் தத்தித் தத்தியே ஒரு கரை நெடுகப் பரவலாம். இறாலுக்குத் தூரத்து உறவான துடுப்புக்காலிகளில் சில இன்னும் துணிச்சல்: இருட்டியதும் தாமாகவே மணலை விட்டு மேலே வந்து உலாவும்.

சரி, பெருங்கடலைத் தாண்டுவது? அதற்கு வண்டி வேண்டும். அறுந்து மிதக்கும் கடற்பாசி ஒரு வண்டி, மரக்கட்டை இன்னொன்று. எனக்குப் பிடித்தது ஆமை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் முட்டையிடக் கரையேறிய பெருந்தலை ஆமைகளின் ஓட்டைச் சுரண்டி எண்ணிய ஆய்வு 2020-ல் வெளிவந்தது. ஓர் ஆமைக்குச் சராசரியாக 34,000 நுண்விலங்குகள்! ஒரே ஆமையின் முதுகில் மட்டும் ஏறக்குறைய 1,50,000. எண்ணியவர்களின் பொறுமையை நினைத்தால் எனக்குக் கழுத்து வலிக்கிறது.

நாமும் வண்டி ஓட்டியிருக்கிறோம். சரக்கில்லாத மரக்கப்பல் கவிழாமலிருக்கக் கரை மணலையும் கல்லையும் அடித்தட்டில் நிரப்பிப் போய், மறு துறைமுகத்தில் கொட்டிய காலம் உண்டு. ஈர மணலைக் குடியிருப்போரோடு அள்ளிக் கொண்டுபோவதற்கு இதைவிடச் சிறந்த வழி ஏது? சேர்ந்த இடத்தில் ஜோடி தேட வேண்டுமே என்று கேட்பீர்கள். முட்டைப் பையோடு ஒரு பெண் துடுப்புக்காலி போய்ச் சேர்ந்தாலே குடும்பம் தொடங்கிவிடும்.

ஆனால் 'ஒரே இனம்' என்ற உங்கள் சொல்லை நான் அப்படியே ஏற்க மாட்டேன். மைக்ராஸ்கோப்பில் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரிந்தவற்றின் டிஎன்ஏவைப் படித்தபோது, பல நேரங்களில் அவை நெடுங்காலம் முன்பே பிரிந்த தனித்தனி இனங்கள் என்று தெரிந்தது. இரண்டு கரைப் புழுக்களுக்கும் ஒரே பெயர் எழுதி லேபிள் ஒட்டியவர்களில் நானும் ஒருவன். புதிரில் ஒரு பங்கு எங்கள் கண்கள் செய்த கோளாறு.

கேள்வி: ஆழ்கடல் வெந்நீர் ஊற்று அணைந்துவிட்டால் அங்குள்ள உயிர்கள் எங்கே போகும்?

பதில்: ஒட்டியே வாழ்பவை எங்கும் போகாது, செத்துப்போகும். பிள்ளைகள்தான் முன்பே கிளம்பியிருக்கும். அங்கே வாழும் ராட்சதக் குழாய்ப்புழுவின் லார்வா, முட்டையிலிருந்து கொண்டுவந்த கொழுப்பை மட்டும் வைத்துச் சராசரியாக 38 நாள் தாக்குப்பிடிக்கும் என்று ஆய்வகத்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்குள் அடுத்த ஊற்று அகப்பட வேண்டும். கிழக்குப் பசிபிக்கில் 1991-ல் எரிமலைக் குழம்பு மூடிய கடலடியை 1993 இறுதியில் போய்ப் பார்த்தபோது, ஒன்றரை மீட்டர் நீளக் குழாய்களோடு அவை அங்கே நின்றிருந்தன.